ஆச்சி தைத்த பழஞ்சேலைப் போர்வையை எப்படிப் பார்ப்பது?

வீரவநல்லூரில் வாழ்ந்த உங்கள் ஆச்சியின் மரப்பெட்டியிலிருந்து எடுத்த போர்வையின் இரண்டு படங்களைக் காட்டி, நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாறு பழஞ்சேலைகளை அடுக்கி, மேலே சதுரத் துண்டுகளை ஒட்டி, வரிவரியாகக் கையால் தைத்த இந்தப் போர்வை, வங்காளத்துப் பழந்துணிப் போர்வையான கந்தாவிலிருந்து வந்த வழக்கா என்பது ஒன்று. நடுவிலுள்ள சிவப்புச் சதுரத்துக்கு மறைபொருள் ஏதும் உண்டா என்பது இரண்டாவது. கிழிந்த மூலையைத் தைத்து, துவைத்து வைத்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. இவற்றுக்கு இடையில், உங்கள் அத்தை இதைக் கந்தல் என்று சொல்லித் தூக்கிப் போடச் சொன்னதையும், பழம்பொருள் வாங்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, தூக்கி எறியச் சொல்பவருக்கும் விலை பேசுபவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இதைத் தைத்த கையில் கலை இருந்ததா, அதை எதைக் கொண்டு அறிவது என்பதையே நீங்கள் முதன்மையாகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் 32 ஆண்டுகள் தையலாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தொழிலாசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டது, ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டிக்கொண்டு போகும் ஓட்டுத் தையல்தான். வெள்ளை மல் துணியில் சிவப்பு நூலால் தைத்து மாதிரி நோட்டில் ஒட்டிக் கொடுத்தால், எங்கள் ஆசிரியை அளவுகோலை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது, இடைவெளி தையலின் நீளத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார். பின் தையல், சங்கிலித் தையல், காஜாத் தையல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஓய்வுக்குப் பின்னர் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசிப் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பழைய தையல் வேலைகளைக் கேட்டுப் பார்த்து வருகிறேன். தையலைப் பற்றி உறுதியோடு பேச எனக்கு அந்தப் பழக்கமே ஆதாரம். உங்கள் போர்வையை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. படத்தில் தெரிவதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்வது அனுமானம். அவ்விடங்களில் அனுமானம் என்றே சொல்லிவிடுகிறேன்.

மேல்நாட்டில் குயில்ட் என்று சொல்லப்படும் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: மேல் துணி, அடித் துணி, இரண்டுக்கும் நடுவில் பஞ்சு அல்லது கம்பளி மயிர். மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல்தான் அதைக் குயில்ட் ஆக்குகிறது. பஞ்சின் இழைகளுக்குள் அகப்பட்டு நிற்கும் காற்றே உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது; தையல் நெருக்கமாக இல்லையென்றால் இரண்டு மூன்று துவைப்புக்குள் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிக் கட்டிப்பட்டுவிடும். நம் ஊரில் மெத்தை தைப்பவர் அங்கங்கே ஊசியைக் குத்தி முடிச்சுப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கரிசலில் விளையும் கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது, சற்று முரடானது. மெல்லிய நூல் நூற்க அது ஏற்றதன்று, ஆனால் வில்லால் அடித்து அடைத்தால் நெடுநாள் அமுங்காமல் எழும்பி நிற்கும். எனவே நம் பக்கத்தில் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் போயிற்று. வெயில் மண்ணில் மேலே போர்த்துக்கொள்ளப் பஞ்சு தேவைப்படவில்லை. மார்கழிப் பனிக்கும், தென்காசி செங்கோட்டைப் பக்கத்தில் ஆனி ஆடிச் சாரலுக்கும், பச்சை உடம்புக்காரியின் படுக்கைக்கும், பாயில் படுக்கும் முதியவரின் இடுப்பெலும்புக்கும் நாலைந்து அடுக்குச் சேலையின் இதமே போதுமானதாக இருந்தது. உங்கள் போர்வையில் பஞ்சு இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். இந்த மண்ணுக்கு அதுவே பொருத்தமான அமைப்பு.

கந்தாவிலிருந்து வந்த வழக்கா என்றால், அப்படி எண்ணத் தேவையே இல்லை என்பது என் கருத்து. வங்காளத்துக் கந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்துக் கோதடி, வடகர்நாடகத்துக் கௌதி, சிந்துவிலும் ராஜஸ்தானத்திலும் தைக்கப்படும் ரல்லி, உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்ற மக்களின் கவந்தி ஆகிய அனைத்தும் ஒரே நிலைமையிலிருந்து தனித்தனியாகப் பிறக்கக் கூடியவை. நெய்த துணிக்கு அன்று மதிப்பு அதிகம். உடுத்தி உடுத்தி அது மென்மையாகியிருக்கும். எறிய மனம் வராது. வீட்டில் ஊசியும் நூலும் இருக்கும். இவ்வளவும் கூடினால் எந்த ஊரிலும் பெண்கள் துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். கந்தாவும் நம்முடைய கந்தையும் உறவுச் சொற்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல் உறவாக இருப்பதால் தொழில் இங்கிருந்து அங்கோ, அங்கிருந்து இங்கோ போயிற்று என்று முடிவு கட்ட இயலாது. தைத்தலுக்குத் துன்னுதல் என்றும் தைப்பவருக்குத் துன்னகாரர் என்றும் பழந்தமிழில் வேறு சொற்களே வழங்கியிருக்கின்றன.

மாறாக, செய்முறையை ஒப்பிட்டால் வேற்றுமை தெளிவாகத் தெரியும். சிறந்த கந்தாக்களில் நடுவே தாமரையும் நான்கு மூலைகளில் மரமோ கொடியோ வைத்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் உருவங்களை நிரப்பி, மிஞ்சிய வெள்ளைப் பரப்பை நுண்ணிய தையலால் அலையலையாகச் சுருங்க வைப்பார்கள். சித்திப் பெண்கள் போர்வையின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் முக்கோணப் பூ வைக்காமல் அவர்களுக்கு வேலை நிறைவு பெறாது. உங்கள் ஆச்சியோ, படத்தில் தெரிகிறபடி, ஒரு கரையில் தொடங்கி எதிர்க்கரை வரை உழவுச் சால் போல நேராக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். இது துணியைத் தரையில் விரித்து, அதன்மேலேயே உட்கார்ந்து, முடித்த பகுதியைப் பின்னே தள்ளிக்கொண்டே நகர்ந்து தைக்கும் முறை. அடுக்குகள் நழுவாமலிருக்க முதலில் நீளத் தையலாகக் கச்சா அடித்திருப்பார். வேலை முடிந்ததும் உருவிவிடுவார்கள் என்றாலும், கவனித்துப் பார்த்தால் ஓரிடத்திலாவது அந்த நூலின் துணுக்கு மிஞ்சியிருக்கக் கூடும்.

இனி அந்தத் தையலுக்கு வருகிறேன். கலை என்று எதையாவது சொல்வதானால் அது அங்கேதான் இருக்கிறது. முதலில் இது கைத்தையல் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தையல் இயந்திரத்தில் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று கொக்கி போலப் பிடிப்பதால், துணியின் இரு பக்கமும் தையல் இடைவெளி இல்லாமல் தொடரும். கை ஓட்டுத் தையலில் ஒரே நூல் மேலும் கீழும் போய் வருவதால், மேல்பக்கத்தில் தையல் தெரியும் இடத்தில் அடிப்பக்கத்தில் இடைவெளி இருக்கும். உங்கள் இரண்டாவது படத்தில் அந்த இடைவெளி தெளிவாக இருக்கிறது. இதில் எனக்கு ஐயமே இல்லை. சுற்றி மடித்த ஓரம் மட்டும் இயந்திரத் தையல் போலத் தோன்றுகிறது. அது பிற்காலத்தில் யாரோ ஓரத்தைப் புதுப்பித்ததாக இருக்கலாம். ஆச்சியே தையற்காரரிடம் கொடுத்து அடித்து வாங்கியதாகவும் இருக்கலாம். படத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்வது சரியாகாது.

அடுத்து எண்ணிக்கை. போர்வை ஆறடி நீளமும் நாலடி அகலமும் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிக்கும் வரிக்கும் இடையில் அரை அங்குலம் என்று கொண்டால் 48 அங்குல அகலத்துக்கு 96 வரிகள் வரும். ஒவ்வொரு வரியும் 72 அங்குலம்; ஓர் அங்குலத்துக்கு ஐந்து தையல் என்று வைத்தால் ஒரு வரியில் 360 தையல்கள், மொத்தத்தில் ஏறக்குறைய 34,500 தையல்கள். ஐந்தடுக்குத் துணியில் ஊசியைச் செருகி இழுக்க அங்குஸ்தான் என்ற விரலுறை மாட்டிய நடுவிரலின் பலம் வேண்டும். பழகிய கைக்கே ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும் என்பது என் அனுபவம். ஆகத் தையலுக்கு மட்டும் 48 மணி நேரம். அடுப்படி வேலை முடிந்து, மத்தியானத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் மட்டும் தைத்தார் என்றால் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேல்நாட்டில் மிகச் சிறந்த குயில்ட் தையலை ஓர் அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு என்று எண்ணுவார்கள். அது மெல்லிய பஞ்சு வைத்த புதுத் துணியில். ஐந்தடுக்குச் சேலையில் ஐந்தாறு தையல் விழுவதே நல்ல கை.

ஆனால் எண்ணிக்கையை விட முக்கியமானது இழுவிசை. ஒவ்வொரு தையலிலும் நூல் எவ்வளவு இறுக இழுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அதிகம் இறுக்கினால் துணி சுருங்கித் தடிப்பு விழும்; படுத்தால் உறுத்தும். தளர விட்டால் பிள்ளையின் கால்விரல் நூலில் மாட்டும், துவைக்கும்போது அடுக்குகள் பிரிந்து நழுவும். சரியான இழுப்பில் இரண்டு தையலுக்கு நடுவில் துணி மெல்லப் புடைத்து, தையல் விழுந்த இடம் சற்றே பள்ளமாகி, பரப்பு முழுவதும் காற்றில் சிலிர்த்த குளத்து நீர் போலாகிவிடும். இதைக் கண்ணை விட உள்ளங்கை நன்றாக அறியும். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வருமாறு கைவிளக்கைத் தரையோடு தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். அலைகள் நிழலோடு எழுந்து தெரியும். முதல் வரியிலும் தொண்ணூறாவது வரியிலும் அந்த அலை ஒரே அளவாக இருந்தால், ஒன்றரை மாதம் முழுவதும் களைப்பிலும் கவலையிலும் அந்தக் கை மாறாமல் இருந்திருக்கிறது என்று பொருள். நான் மாணவிகளுக்கு மதிப்பெண் போட்ட காலத்தில் இந்த ஒன்றைத்தான் கடைசிவரை தேடினேன். மிகச் சிலரிடமே கண்டேன். பத்தமடைப் பட்டுப்பாயைத் துணி போல மடித்துப் பார்த்தவர்கள், நுட்பம் என்றால் என்ன என்று யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. அதே மரியாதை இந்த அலைக்கும் உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிகள் நடுவில் கொஞ்சம் வளைவதையும், ஓரிடத்தில் நூலின் நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சளாவதையும் குறையாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவற்றையே நான் ஆவலோடு பார்த்தேன். கோடு போடாமல், முந்தைய வரியிலிருந்து விரல் அளவில் இடம் விட்டுத் தைக்கும்போது, ஒரு வரியில் நேர்ந்த சிறு வளைவு அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் தொற்றிக்கொண்டே போகும். உங்கள் போர்வையில் ஏழெட்டு வரிகளுக்குள் அந்த வளைவு சிறிது சிறிதாக நேராகிவிடுகிறது. அவர் அதைக் கவனித்து, பிரிக்காமல், தையலின் நெருக்கத்தை மாற்றியே சரிசெய்திருக்கிறார். நூல் நிறம் மாறியது கையிருப்பு தீர்ந்ததால் என்று கொள்வதே இயல்பு.

துணியைத் தேர்ந்த விதத்திலும் அறிவு இருக்கிறது. பதினெட்டு முழச் சேலை எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கிழிவதில்லை. தரையில் உரசும் கீழ்க்கரை முதலில் போகும். உட்காரும் இடத்தில் இழை விட்டுப்போகும். உள்ளே சொருகிய தலைப்பும் பெரும்பாலும் முந்தியும் கடைசி வரை கெட்டியாக இருக்கும். நல்ல கைக்காரி கெட்டியான பாகத்தைப் போர்வையின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் வெளிப்புறமாக ஒதுக்கி, நைந்த பாகத்தை உள்ளடுக்கில் வைத்துவிடுவாள்; அங்கே அது உரசலுக்கு ஆளாகாது, மென்மை மட்டும் உடம்புக்குக் கிடைக்கும். உங்கள் படத்தில் இரு முனைகளிலும் கரை போட்ட முந்திப் பகுதி குறுக்கே வந்திருப்பது அழகுக்காக மட்டும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. மேல் துணியின் ஓரத்தை உருப்பெருக்கியால் பார்த்தால், நெய்யும்போது அகலம் சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் கோலின் ஊசித் துளைகள் சீரான இடைவெளியில் தெரியலாம். தெரிந்தால் அது கைத்தறியாக இருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு. உங்கள் ஊரே சேலை நெய்த ஊர் என்பதால் அதற்கு வாய்ப்பு அதிகம். காலத்தை அறிய வேண்டுமானால், பிரிந்து தொங்கும் ஓர் இழையை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும்; பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும். இழை உருகினால் அந்தத் துணி 1960களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. உருகாவிட்டால் அதைக் கொண்டு வயதைச் சொல்ல முடியாது. பருத்தி எக்காலத்துக்கும் உரியது.

சிவப்புச் சதுரத்துக்கு மறைபொருள் உண்டா என்ற கேள்வியில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் அடிமைகள் தப்பி ஓடிய காலத்தில் வழிகாட்டும் குறிகள் குயில்ட்டுகளில் தைத்து வைக்கப்பட்டன என்று ஒரு கதை 1990களின் இறுதியிலிருந்து பெரிதாகப் பரவியது. அக்காலத்து ஆவணம் எதுவும் அதற்கு இல்லை என்று வரலாற்றாய்வாளர்கள் மறுக்கிறார்கள். அழகான கதை எளிதில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்ற பெண் தைத்த விவிலியக் காட்சிப் போர்வையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் நமக்குத் தெரியும். அவரே வாய்விட்டுச் சொல்ல, வாங்கியவர் எழுதிவைத்ததால் தெரியும். உங்கள் ஆச்சி சொன்னதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றால், கண்ணேறு கழிக்க வைத்தது, காவலுக்கு வைத்தது என்றெல்லாம் நாமாகப் பொருள் ஏற்றக் கூடாது. சாயத்தைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். சாயவேரிலிருந்தோ நுணா வேரிலிருந்தோ எடுத்த சிவப்பும், அந்த வேர்ச் சாயத்துக்கு மாற்றாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய அலிசரின் என்ற செயற்கைச் சிவப்பும் துவைப்புக்கு எளிதில் போகாதவை. மஞ்சளில் தோய்த்த நிறம் வெயிலில் வெளுத்துவிடும். இரும்புச் சத்தால் ஏற்றிய கறுப்பும் காப்பி நிறமும் காலப்போக்கில் துணியையே அரித்து, அந்த இடம் மட்டும் உதிரும். மற்ற சதுரங்கள் மங்கியிருக்க நடுச் சிவப்பு மட்டும் தெளிவாக நிற்பதற்கு இது காரணமாகலாம். தைத்த நாளில் எல்லாச் சதுரங்களும் ஒரே போலப் பளிச்சென்று இருந்திருக்கக் கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அத்தை கந்தல் என்று சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் வியப்பு இல்லை. விற்பனைக்குப் போன கைவேலைக்கே பெயரும் பதிவும் மிஞ்சுகின்றன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் கற்பித்த லேஸ் பின்னலை, அவருடைய மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்; அது வெளிநாட்டுக்கு விலைபோன பொருளாகையால் இன்றும் அதன் பெயர் சொல்லப்படுகிறது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே பிறந்து, வீட்டுக்குள்ளேயே நைந்துபோன போர்வைக்கு வாங்குபவரும் இல்லை, கணக்கு எழுதுபவரும் இல்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற ஊரில், கந்தையை அடுக்கித் தைத்தது வறுமையின் அடையாளமாகவும் எண்ணப்பட்டது. சம்பந்தம் பேச வருபவர்கள் முன்னால் இதைப் பெட்டிக்குள் வைத்துவிடும் வீடுகளை நானே அறிவேன். உங்கள் அத்தையின் வாய்ச்சொல்லில் அந்த வெட்கம் கொஞ்சம் இருக்கலாம். அவரிடம் வாதாட வேண்டாம். எந்தச் சதுரம் யாருடைய சேலை, எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

விற்பதைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் நைந்த வேலையுடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடச் சுவர்களில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் அவை வந்தன. ஆகவே பழந்துணிப் போர்வைக்கு உலகில் மதிப்பு உண்டு என்பது உண்மை. ஹேரியட் பவர்ஸோ 1886இல் தம் போர்வையைக் கண்காட்சியில் வைத்தபோது விலை கேட்டவருக்குத் தர மறுத்தார். பின்னர் குடும்பம் நொடித்த நிலையில் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்ப்பதற்கென்றே வாங்கியவரின் வீட்டுக்குப் பலமுறை போய்வந்தார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை உங்களுக்கே தெரியும். ஆனால் ஆச்சியின் பெயரையும் ஊரையும், அத்தை சொல்லும் சேலை விவரங்களையும் எழுதி, இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் கைமாற்ற வேண்டாம். விலை எவ்வளவு தகும் என்பது தையலாசிரியை சொல்லத்தக்க செய்தியன்று.

துவைப்பதற்கு அவசரப்படாதீர்கள். என் தாயார் தைத்த போர்வை ஒன்றை நான் சோப்புத் தூளில் இரவு முழுவதும் ஊறவைத்து, கும்மி அலசி, கொடியில் போட்டேன். ஐந்தடுக்குத் துணி குடித்த தண்ணீரின் பாரம் முழுவதும் கொடிமேல் கிடந்த ஒரே மடிப்பில் இறங்க, பழைய நூல் வரிவரியாக அறுந்தது. கறுப்புத் துண்டுகள் கையோடு வந்தன. அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது. முதலில் நிழலில், காற்றோட்டமான இடத்தில், பாய்மேல் விரித்து நாலைந்து நாள் ஆறவிடுங்கள். பெட்டி நாற்றம் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். பிறகு ஒவ்வொரு நிறத்திலும் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடவே வேண்டாம். ஒட்டாவிட்டால், அகலமான தொட்டியில் பழைய சேலை ஒன்றை விரித்து, அதன்மேல் போர்வையை வைத்து, குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு சிறிது சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மட்டும் அலசுங்கள்; பிழியக் கூடாது. வெளியே எடுக்கும்போது அடியிலுள்ள சேலையோடு தூக்கினால் பாரம் அதன்மேல் நிற்கும். வெயிலில் போடாமல் படுக்கையாக உலர்த்துங்கள். நம் வீட்டுச் சேலைகள் கஞ்சி போட்டவை. அந்தக் கஞ்சிதான் இராமபாணப் பூச்சிக்கு உணவு. ஆகவே துவைக்க முடிந்தால் கஞ்சி போகும்வரை அலசுவது பாதுகாப்புக்கும் நல்லது.

வைப்பதற்குப் பிளாஸ்டிக் உறை ஆகாது. தாமிரபரணிப் பாசனத்து ஈரக் காற்றில் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். வெளுத்த மல் துணியில் சுற்றி, மரம் நேராகத் துணியில் படாமல் வையுங்கள். அந்துருண்டையும் துணியைத் தொடக் கூடாது. வேப்பிலையும் வசம்பும் நம் வீடுகளில் நெடுநாளாக வைத்து வருவது. நானும் மல் துணியில் முடிந்து வைக்கிறேன். ஆனால் அவை மட்டுமே பூச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பி விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து விரித்துப் பார்த்து, முன்பு மடித்த இடத்தில் மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் பழந்துணி முதலில் வெட்டுப்படும்.

கிழிந்த மூலைக்கு இயந்திரத் தையலும், இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பசைத் துணியும் வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் நூலும் கூடாது. தைக்கும் நூல் துணியை விட வலுவாக இருந்தால் அடுத்த இழுப்பில் நூல் நிற்கும், துணி அறுபடும். மெல்லிய பருத்தி நூல் வாங்கி, பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டைக் கிழிசலின் அடியில் செருகி, பிய்ந்த இழைகளைக் கத்தரிக்காமல் அதன்மேல் பரப்பி, ஆச்சியின் வரி நின்ற இடத்திலிருந்து அதே இடைவெளியில் ஓட்டுத் தையலைத் தொடருங்கள். உங்கள் தையல் அவருடையதைப் போல அமையாது. அமைய வேண்டியதும் இல்லை, எது அவர் கை, எது உங்கள் கை என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரிவது நல்லதே. ஆனால் அந்த மூலையை மூடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கிழிசலை மெல்ல விலக்கி, காலை வெளிச்சத்தில் உள்ளடுக்குகளைப் பாருங்கள். வெயிலும் துவைகல்லும் படாமல் அங்கே ஒளிந்திருக்கும் சேலைகளின் நிறம்தான் அவற்றைக் கட்டியிருந்த நாளின் நிறத்துக்கு மிக அருகில் இருக்கும். அதைப் படமெடுத்து அத்தையிடம் காட்டிவிட்டு, அதன்பிறகு ஊசியைக் கையில் எடுங்கள்.